மிச்ச இழைகள்

கோட்டைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் வந்து விழுந்த பெர்னடெற், "தவமக்கா, முதல்ல ஒரு தேத்தண்ணி. பேந்து உங்கட மச்சாள் இண்டைக்கு மீற்றிங்கில செய்துபோட்டு வந்த வேலையைச் சொல்லுறன்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வந்த சிவனேஸ்வரி ஈரக் குடையைக் குளியல் தொட்டிக்குள் விரித்து வைத்துவிட்டு வந்து அடுப்படியில் நின்று, "மச்சாள், பசிக்குது. என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். என்ன செய்தனீர்?" என்றேன் நான்.

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒண்டும் செய்யேல்லையாம்!" பெர்னடெற் மேசையில் தட்டினாள். "அவ்வளவு புரொபசர்மாருக்கு முன்னால எழும்பி நிண்டு, எங்களுக்கு உங்கட மிச்சம் வேண்டாம் எண்டு சொன்னது ஆர்? நானோ?"

என் தம்பி அம்பலவாணன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் கை அப்படியே நின்றது. "உண்மையாவே சொல்லிப்போட்டீரோ?" என்று மனைவியைக் கேட்டான். அவள் புட்டில் குழம்பை விட்டுப் பிசைந்தபடி, "ஓம்" என்றாள்.

அந்த ஒரு "ஓம்" எவ்வளவு பெரியது என்று விளங்குவதற்கு அதற்கு முன்னைய மாதங்களைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றாறாம் ஆண்டு. ஈஸ்ட் ஹாமில் ஹை ஸ்ட்ரீற்றுக்குப் பின்னால் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்றில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கும் வேலை. தம்பி டிஸ்ட்ரிக்ட் லைன் என்கிற சுரங்க ரெயில் பாதையில் ரெயின் ஓட்டுகிறவன். அவன் மனைவி சிவனேஸ்வரி நகர நடுவில் ஒரு கல்லூரியில் வானியல் ஆராய்ச்சி செய்கிறவள். பெர்னடெற் அதே கல்லூரியில் வானியல் பகுதியின் செயலாளர். எந்த மீற்றிங் நடந்தாலும் மூலையில் இருந்து குறிப்பெடுக்கிறவள் அவள்தான், அதை எங்கள் குசினியில் வந்து நடித்துக் காட்டுகிறவளும் அவள்தான்.

அவுஸ்திரேலியாவில் ஒரு மலையில் பெரிய தொலைகாட்டி ஒன்று இருந்தது. அதற்குப் புதிதாக ஒரு கருவி பூட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டமான இரும்புத் தட்டு ஒன்று. அதன் மேல் ஒரு ரோபோ, தலைமயிர் போல மெல்லிய நானூறு கண்ணாடி இழைகளின் நுனிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். நுனியில் இருக்கும் சின்னக் காந்தம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஓர் இழை வானத்தில் ஒரேயொரு புள்ளியின் வெளிச்சத்தை வாங்கும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியுமாம். ஒன்று ஒன்றாகப் பார்த்ததை இனி நானூறு நானூறாகப் பார்க்கலாம். வானத்தில் ஒரு பெரும் பங்கை அளந்து படமே போட்டுவிடலாம். இவ்வளவையும் சிவனேஸ்வரி எனக்கு மேசைவிரிப்பில் விரலால் வட்டம் போட்டுக் காட்டிச் சொன்னவள். விளங்காத இடத்தில் நான் "பொறும்" என்பேன். அவள் பொறுப்பாள். கெட்டிக்காரர் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை.

அந்தத் தொலைகாட்டிக்கு இரண்டு கூட்டம் ஆசைப்பட்டது. பெரிய கூட்டம் புரொபசர் கார்ட்ரைட்டினுடையது. பல யூனிவேர்சிற்றிகளைச் சேர்ந்த முப்பது பேர். அவர்களுக்குக் கலக்சிகளை அளக்க வேண்டும். கலக்சி என்றால், எங்கள் பால்வீதியைப் போலக் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டம். அப்படியானவை வானத்தில் எண்ணுக்கணக்கில்லாமல் இருக்கின்றன, அதுவும் கும்பல் கும்பலாக. சின்னக் கூட்டம் மூன்று பேர். டொக்டர் கோபாலன், சிவனேஸ்வரி, படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. இவர்கள் தேடியது குவேசார். கலக்சிகளுக்கு எத்தனையோ மடங்கு அப்பால், கண்ணுக்குச் சின்னப் புள்ளியாக, ஆனால் உள்ளுக்குள் பெருநெருப்பாக எரிகிறவை. அங்கொன்று இங்கொன்றாகத்தான் கிடக்கும். அவற்றைப் பழைய போட்டோத் தட்டுகளிலிருந்து தெரிந்தெடுக்கிறதிலேயே சிவனேஸ்வரிக்கு ஐந்து வருஷம் போயிருந்தது.

தொலைகாட்டியில் இரவுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் குழு சொல்லிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் பார்க்கப்போவது ஒரே வானம். ஒரே தட்டில் இரண்டு பேருடைய இழைகளையும் வையுங்கள். சேர்ந்து ஒரு திட்டமாக வாருங்கள். சேர ஏலாவிட்டால் பெரியவர்களுக்கு மட்டும்தான் இரவு. அதாவது, சிவனேஸ்வரியின் ஐந்து வருஷமும் அலுமாரிக்குள் போய்விடும்.

கார்ட்ரைட் கூட்டம் உடனேயே ஒரு வழி சொன்னது. நாங்கள் எங்கள் கலக்சிகளுக்கு இழை வைத்த பிறகு ஒவ்வொரு முறையும் தட்டில் கொஞ்சம் இழை மிஞ்சும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். டொக்டர் கோபாலனுக்குப் பெரிய சந்தோஷம். அவர் மலேசியாவில் ஈப்போப் பக்கத்து ஆள், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நகரின் வடக்கில் எட்மண்டனில் வீடு. எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வந்தபோது அவரே சொன்னார். "அவங்க குடுக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லையே, சிவனேஸ்வரி. குடுக்கிறாங்க. வாங்கிக்கிட்டு நம்ம வேலையப் பார்ப்போம்."

"மிச்சமாக் கிடைச்சா வேலை பிழையாப் போகும், சேர்."

"கொஞ்சம் குறையும். தப்பாப் போகாது."

"குறைஞ்சால் எனக்குக் கவலை இல்லை. எங்க குறையும் எண்டதுதான் கவலை."

அவர் இடியப்பத்துக்குச் சொதி கேட்டார். பேச்சு அத்துடன் நின்றது.

அவர் போன பிறகு தம்பி கேட்டான். "எங்க குறைஞ்சால் என்ன? குறைவு குறைவுதானே?"

"இண்டைக்கு ஏன் பிந்தி வந்தனீங்கள்?" என்றாள் அவள்.

"ஓல்ட்கேட் ஈஸ்டில சிவப்பு லைட்டில மறிச்சுப்போட்டாங்கள். அந்த ஹாமர்ஸ்மித் லைன் வண்டியை முன்னால விடுறதுக்கு. எங்கட தண்டவாளத்தில காலமையும் பின்னேரமும் வந்து ஓடுறது நாலு வண்டி. அதுக்கு ராசமரியாதை!"

"உங்களை மறிச்சால், உங்களுக்குப் பின்னால இன்னொரு டிஸ்ட்ரிக்ட் வண்டி நிக்குது. சனம் அதில ஏறும். அந்த வண்டியை மறிச்சால் அந்தப் பக்கம் போற சனத்துக்கு வேற ஒண்டும் இல்லை. நாலில ஒண்டு போனா அது ஓட்டை. நாப்பதில ஒண்டு போனா ஒருத்தருக்கும் தெரியாது."

தம்பி யோசித்தான். "அப்ப நான் சிவப்பில நிக்கிறது விஞ்ஞானமோ?"

"ஓம். இனித் திட்டாமல் நில்லுங்கோ."

ஆனால் அவள் பயந்தது வெறும் குறைவுக்கு மட்டும் இல்லை. இழைகளை ஒன்றின் மேல் ஒன்று வைக்க முடியாது, மிகக் கிட்டவும் வைக்க முடியாது. கலக்சிகள் கும்பலாக இருக்கிற இடத்தில் எல்லா இழைகளும் போய் நெருங்கிவிடும். அதற்குப் பின்னால், எவ்வளவோ தூரத்தில் எரிகிற குவேசாருக்கு அந்த இடத்தில் இழை வைக்க இடமே இராது. கடைசியில் குவேசார்ப் படத்தைப் பார்த்தால், முன்னால் கலக்சிக் கும்பல் இருந்த இடங்களிலெல்லாம் வெறுமையாக இருக்கும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதைப் பார்த்துக் குவேசார்கள் இப்படித்தான் நிற்கின்றன என்று எழுதிவிடுவார். "இல்லாத ஒண்டை என்ர கையால உண்டெண்டு வரைஞ்சு குடுக்கிற மாதிரி, மச்சாள்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இது பிடிவாதமில்லை என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

இதுதான் முன்கதை. இரண்டு கூட்டமும் சேர்ந்து பேசுகிற மீற்றிங்தான் அன்றைக்கு நடந்தது. இப்போது பெர்னடெற் தேத்தண்ணியை இரண்டு மிடறில் குடித்துவிட்டு எழும்பி நின்றாள். எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவுதான் திரை.

"தவமக்கா, இது புரொஜெக்டர் எண்டு வையுங்கோ. இவ முதல் பிளாஸ்ரிக் தாளை வைச்சா. முழுக்க நீலப் புள்ளி. கார்ட்ரைட் கதிரையில சாஞ்சுகொண்டு, 'இது எங்கட கலக்சியளெல்லே' எண்டார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில தன்ர பிள்ளையைக் கண்ட மாதிரி ஒரு சிரிப்பு."

"அவர் தலையாட்டினவர். அவ்வளவுதான்" என்றாள் சிவனேஸ்வரி.

"நீர் சாப்பிடும். பேந்து நீலத்தை எடுத்துப்போட்டுச் சிவப்பை வைச்சா. 'உங்கட மிச்ச இழையளை வைச்சு எடுத்தால் குவேசார்ப் படம் இப்பிடித்தான் வரும். இதில என்ன காணுறியள்?' எண்டு கேட்டா, சத்தமே இல்லாத குரலில. மனிசன் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழட்டினார், போட்டார். 'இஞ்ச பெரிய வெறுமை ஒண்டு இருக்கு. இதில சுவர் மாதிரி ஓடுது. இவ்வளவு தூரத்தில இவ்வளவு பெரிய அமைப்பை ஒருத்தரும் கண்டதில்லை. டொக்டர், இது உண்மை எண்டால் இது ஒரு கண்டுபிடிப்பு!' எண்டார். எல்லாரும் எட்டிப் பாக்கினம். கோபாலன் சேருக்கு முகமெல்லாம் பல்லு. தனக்குத் தெரியாமல் இவ என்னவோ கண்டுபிடிச்சிட்டா எண்டு நினைச்சிட்டார்."

"அதுக்கு நீர் என்ன சொன்னீர்?" நான் கேட்டேன்.

சிவனேஸ்வரி கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "இதில ஒரு அமைப்பும் இல்லை எண்டு சொன்னன். வானத்தில இருந்து எடுத்த புள்ளியள் இல்லை, கொம்பியூட்டரில நான் கண்ணை மூடிக்கொண்டு விசிறின புள்ளியள் எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு உங்கட சட்டப்படி இழை வைச்சுப் பாத்தன், வெறுமையைச் செய்தது உங்கட சட்டம் எண்டு சொன்னன்."

"சொல்லிப்போட்டு நீலத் தாளைச் சிவப்புக்கு மேல வைச்சா, அக்கா!" பெர்னடெற்றின் கை குளிர்ப்பெட்டிக் கதவில் போய் ஒட்டியது. "ஒவ்வொரு வெறுமைக்குள்ளயும் ஒரு நீலக் கும்பல் போய் இருந்துது. பல்லு விழுந்த இடத்தில கட்டுப்பல்லு இருக்கிற மாதிரி. நான் குறிப்பெடுக்கிறதையே விட்டிட்டன்."

"அந்தாளுக்குக் கோவம் வரேல்லையோ?"

"இல்லை, மச்சாள்" என்றாள் சிவனேஸ்வரி. "கனநேரம் அதையே பாத்துக்கொண்டு நிண்டவர். நான் அவரை மடக்க நினைக்கேல்லை. அவற்ற இடத்தில நான் நிண்டிருந்தாலும் அந்தச் சுவரைத்தான் கண்டிருப்பன். தெரியாத ஆளுக்கு அது வெறும் புள்ளி. கெட்டிக்காரருக்குத்தான் இல்லாதது வடிவாத் தெரியும். அதுதான் எனக்குப் பயம்."

தம்பிக்குச் சப்பாத்து ஒரு காலில் இருந்தது, மற்றது மேசைக்குக் கீழே கிடந்தது. எழும்பிப் போய்ச் சட்டியிலிருந்த புட்டில் இன்னும் ஒரு அகப்பை அள்ளி அவள் கோப்பையில் போட்டான். கல்யாணம் செய்து வந்த காலத்திலிருந்து அவன் ஒருவருக்கும் சாப்பாடு போட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னும் முடியேல்லை" என்றாள் பெர்னடெற். "குவேசாரை முதல் வைச்சால் உங்கட கலக்சிக்கு என்ன நடக்கும் எண்டு இன்னும் ரண்டு நீலத் தாள் வைச்சிருந்தா. ஒண்டில எல்லாக் கலக்சியும் இருக்கு. மற்றதில குவேசாருக்கு இடம் குடுத்துச் சிலதை இழந்தது. எது எதெண்டு சொல்லேல்லை. கார்ட்ரைட் மாத்தி மாத்தி வைச்சுப் பாத்தார். தனக்கு வித்தியாசம் தெரியேல்லை எண்டார். 'குறைஞ்சது அங்கொண்டு இங்கொண்டு. அதுக்கு ஒரு வடிவமும் இல்லை, அதால தெரியாது' எண்டா இவ. அப்ப பின்னால இருந்த ஒரு நெட்டை இளந்தாரி கேட்டான், 'நாங்கள் முப்பது பேர், நீங்கள் மூண்டு பேர். உங்களை ஏன் முன்னுக்கு விடவேணும்?' எண்டு."

"அவன் கேட்டது நியாயம்தானே" என்றாள் சிவனேஸ்வரி.

"நியாயமாம்! அதுக்கு நீர் சொன்னதை நீரே சொல்லும்."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். "மேசையில எத்தனை பேர் எண்டதை விட்டிட்டு வானத்தில ஆர் குறைவோ அவையை முதல் வையுங்கோ எண்டன். அப்பிடி ஏலாதெண்டால் எங்கட பேரைத் திட்டத்தில இருந்து வெட்டிவிடுங்கோ. மிச்சத்துக்கு நாங்கள் வரேல்லை. பிழையான படம் வரையிறதிலும் பாக்க வரையாமல் விடலாம்."

"கோபாலன் சேர் என்ன சொன்னவர்?"

"படியில இறங்கேக்க என்னைப் பிடிச்சுக் கேட்டவர். 'என்னம்மா இது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனே' எண்டு. 'அதாலதான் சொல்லேல்லை, சேர்' எண்டன்."

பெர்னடெற் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மா சுவரில் தட்டினாள்.

ஆனால் மீற்றிங்கில் பதில் கிடைக்கவில்லை. கார்ட்ரைட் தாள்களைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாராம். ஒரு கிழமை போனது, அடுத்ததும் போனது. சிவனேஸ்வரி வழமைபோல வேலைக்குப் போய் வந்தாள். சனிக்கிழமை யன்னல் சீலைகளைத் தோய்த்தாள். ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு திடீரென்று, "மச்சாள், பேரை வெட்டிவிட்டால் நான் என்ன செய்வன்?" என்று கேட்டாள். வெங்காயத்தில்தான் கண் கலங்கியிருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன்.

"சொன்னது பிழையெண்டு நினைக்கிறீரோ?"

"இல்லை. சரியெண்டுதான் நினைக்கிறன். அதாலதான் கேக்கிறன். பிழையெண்டால் போய் மாத்திச் சொல்லலாம்."

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவ்வளவு வெங்காயமும் எதற்கென்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

டொக்டர் கோபாலனின் ரெலிபோன் வந்தபோது நான்தான் எடுத்தேன்.

"சிவனேஸ்வரி இருக்காங்களா?"

"குளிக்கிறா. என்ன சொல்லவேணும்?"

"அக்கா, கார்ட்ரைட்டோட ஆளுங்க இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தாங்க தெரியுமா? சிவனேஸ்வரி செஞ்சதைத் தப்புன்னு காட்டறதுக்கு ராப்பகலா கணக்குப் போட்டிருக்காங்க. அந்த நெட்டைப் பையன்தான் முன்னால நின்னு செஞ்சிருக்கான். ஒண்ணும் நடக்கலை. எத்தனை தடவை போட்டாலும் சிவனேஸ்வரி சொன்னதுதான் வருது. இப்ப அந்தப் பையனே கையைத் தூக்கிட்டு, 'அவங்களை முதல்ல வைங்க'ன்னு சொல்லிட்டானாம்."

"அப்ப சம்மதமோ?"

"ஆமா அக்கா, ஆமா. ஒரே தட்டு, ரெண்டு கூட்டம், குவேசாருக்கு முதல் இடம். கார்ட்ரைட் எழுத்திலேயே குடுத்திட்டார். நான் மிச்சத்தை வாங்கிக்கலாம்னு சொன்னவன். அதையும் அவங்ககிட்டச் சொல்லுங்க."

"அதை நீங்களே நேர சொல்லுங்கோ, தம்பி. நான் மற்றதை மட்டும் சொல்லுறன்."

குளியலறைக் கதவில் தட்டி, "ஓமாம்!" என்று கத்தினேன். உள்ளே தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரை முன்னையிலும் பார்க்கப் பலமாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

அதன் பிறகு நான் அடக்கமாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். சீலைக் கடையில், நகைக் கடையில், வெம்பிளியில் வயதுக்கு வந்த ஒரு பெட்டையின் சாமத்தியச் சடங்கில், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னேன். "என்ர மச்சாள் வானத்துக்கு வரிசை போட்டுக் குடுத்தவ" என்று. ஒரு மனிசி, "சம்பளம் கூட்டிச்சினமோ?" என்று கேட்டாள். அவளுடன் நான் பிறகு கதைக்கவில்லை.

அடுத்த வருஷம் சிவனேஸ்வரி அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. பெர்னடெற் முதல்நாளே வந்து எங்களுடன் தங்கியிருந்தாள். தம்பி ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவன் ஓடிவந்து, எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமத்தினான்.

"மச்சாள், கேக்குதோ?"

"கேக்குது. அங்க இரவோ?"

"பொழுதுபடுது. மேற்கில முகில் கொஞ்சம் நிக்குது."

"மழை வருமோ?"

"தெரியேல்லை. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. இப்ப தட்டில இழை வைக்கத் தொடங்குறம். மேல தட்டுக்குப் பக்கத்தில ஒரு மைக் பூட்டியிருக்கினம். ரெலிபோனை அதின்ர ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடிக்கிறன். பொறுங்கோ."

முதலில் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அதற்குள் ஒரு மெல்லிய மோட்டார்ச் சத்தம், தையல் மெசினை மெதுவாக மிதிப்பது போல. ஓடியது, நின்றது. டக்.

"அது முதலாவது" என்றாள். அவள் குரல் எங்கோ தூரத்தில் இருந்தது.

"எங்க வைச்சது?" நான் கேட்டேன்.

"ஓரத்தில. கிட்டடியில ஒருத்தரும் இல்லாத இடத்தில. தனிய."

"கார்ட்ரைட் எங்க?" பெர்னடெற் குனிந்து கத்தினாள்.

"பக்கத்தில நிக்கிறார். தன்ர கலக்சியளுக்கு எப்ப முறை வரும் எண்டு பாத்துக்கொண்டு."

"பொறுத்திருக்கச் சொல்லும்!"

அங்கே யாரோ சிரிப்பது கேட்டது. மோட்டார் மறுபடியும் தொடங்கியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்? பழுதோ?" என்றான் தம்பி.

"பழுதில்லை. தூரப் போகுது. அடுத்தது மற்றக் கரையில."

அவன் மேற்சட்டையின் ஒரு கையைப் போட்டிருந்தான். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் தொங்கியது. பெர்னடெற் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டிக்கு மேல் தலை முட்டக் குனிந்திருந்தோம். உள்ளே, இரும்புத் தட்டின் அகலமெல்லாம் கடந்து, மோட்டார் இன்னும் போய்க்கொண்டிருந்தது.